அப்பா பேரில் ஒரு டப்பா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பிழைப்பு அது, பைத்தியம் வேறு. போன் வேலை செய்யாத ஆபத்துக் காலத்தில் உதவும் என்று, ஹாம் ரேடியோக்காரர்கள் சேர்ந்து கூரைக்குக் கூரை ஆன்டெனா வைத்துத் தங்களுக்கென ஒரு இன்டர்நெட் நடத்துகிறார்கள். அதில் வியாபாரம் கூடவே கூடாது. ஒருவன் செய்தாலும் எல்லோருடைய லைசென்ஸுக்கும் ஆபத்து. அதைக் காவல் காக்கும் வேலையைச் சங்கம் இவர் தலையில் கட்டியது. அதில் திருட்டுத்தனமாக ஓடிய ஒரு கூரியர் கடையின் கேமராவைத் துண்டித்ததிலிருந்து சங்கத்தில் இவருக்குப் பட்டப்பெயர் 'மூக்கு'.

ஒவ்வொரு கருவிக்கும் அதை வைத்தவரின் கால்சைன், அதாவது லைசென்ஸோடு சர்க்கார் தரும் அடையாளக் குறிதான் பெயர். பல் தேய்க்கும் முன்பே லாப்டாப்பைத் திறந்து அந்தப் பட்டியலைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதில் என் அப்பாவின் கால்சைன் இருந்தது. அப்பாவும் ஹாம்காரர்தான்; ஆனால் அவர் இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

"உன் தம்பி வேலைதான்," என்றார்.

நேரே போனோம். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பியின் மொட்டைமாடியில் ஆன்டெனாவோடு புது டப்பா. அதிலிருந்து மூன்று கடைகளுக்கு இன்டர்நெட் விற்றுக்கொண்டிருந்தான்.

"அப்பா கால்சைன் சும்மாத்தானே கெடக்கு. எனக்கும்தான் அவரு அப்பா," என்றான்.

"அது பங்கு பிரிக்கிற சொத்தில்ல. கழட்டிட்டு, நான்தான் வச்சேன்னு எழுதிக் குடு."

"முடியாது மாமா. அப்பா பேர்லயே புகார் எழுதிக்குங்க. செத்தவர என்ன பண்ணிடுவாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறந்தவர்களின் கால்சைனைச் சங்கத்தில் பலகையில் எழுதி மரியாதையாக மாட்டியிருக்கிறார்கள். அப்பாவுடையதும் அங்கே தொங்குகிறது.

வீட்டுக்கு வந்து, லைசென்ஸ் கொடுக்கும் சர்க்கார் ஆபீசுக்கான புகார்ப் படிவத்தை நிரப்பியவர், 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார்.

"உன் தம்பி பேர எழுதினா கடைய மூடிடுவாங்க. எழுதலன்னா உங்கப்பாதான் திருடன். நீயே சொல்லு."

ஊர் முழுக்க மூக்கை நுழைத்தவருக்கு, இங்கே மட்டும் என்னுடைய சம்மதம் தேவைப்பட்டது. அவர் மேலும் எனக்குக் கோபம்தான். படிவத்தைப் பிடுங்கித் தம்பியின் பெயரையும் கடை முகவரியையும் நானே எழுதினேன்.

கடைக்குச் சீல் வைத்த அன்று மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அதிகாரி புகாரக் காட்டினாரு. மாமா எழுத்து மாதிரி தெரியல."

"நான்தான் எழுதினேன்டா."

போனை வைத்துவிட்டான். மூன்று வருஷமாகிறது, நான் கூப்பிட்டால் இன்னும் எடுப்பதில்லை.