ஏழு மணிச் சோறு

மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தேன். முதலில் தயிர். அப்புறம் வாழைப்பழம், ஐஸ், சாம்பிராணி. கொள்ளிடக் காற்று ஆகாது என்று ஜன்னலையும் சாத்தினேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எது ஆகும், எது ஆகாது என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தெரியாது. பயந்ததையெல்லாம் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

"பிள்ளை மூச்சு விடறதை மட்டும்தான் நிறுத்தச் சொல்லலை நீங்க" என்பாள் மனைவி.

நிறுத்தாமல் விட்டது ராத்திரிச் சோறு ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பொழுது சாய்ந்தால்தான் சவாரி. நான் வீடு திரும்பப் பத்து மணியாகிவிடும். அதுவரை ஆறு வயசுப் பிள்ளை கொட்டக் கொட்ட முழித்திருப்பாள். ரசம் சாதம் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பேன். கடைசி உருண்டை முடிவதற்குள் மடியிலேயே சாய்ந்துவிடுவாள். நாள் முழுக்க ஓட்டின அலுப்புக்கு எனக்கு இருந்த மருந்து அது.

அப்புறம் இருமல் வரும். சில நாள் வாந்தியும் வரும். வந்தால் சந்தோஷப்படுவோம், சளி வெளியே வந்துவிட்டதென்று. காலையில் பிள்ளை வாயில் புளித்த மாவு வாசம் அடிக்கும். அதையும் சளி என்றே நினைத்தோம்.

தில்லை நகர் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி எப்ப சாப்பிடுறா?" என்று கேட்டார்.

"நான் வந்ததும்ங்க. பத்து, பத்தரை."

"சாப்பிட்டதும்?"

"என் மடியிலயே தூங்கிடுவா டாக்டர்." பெருமையாகத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு படுத்தால் புளித்த தண்ணீர் மேலே ஏறித் தொண்டைக்கு வருமாம். அது பட்டால் மூச்சுக்குழாய் சுருங்குமாம். "எல்லாப் பிள்ளைக்கும் இப்படின்னு சொல்ல மாட்டேன். இவளுக்கு இதுவும் சேர்ந்திருக்கலாம். வாயில வச்சு இழுக்கிற பஃப் மருந்தை நிறுத்தாதீங்க. ஏழு மணிக்குச் சோறு கொடுத்துடுங்க, பார்ப்போம்."

ஏழு மணிக்கு நான் எங்கே இருப்பேன்?

முதல் வாரம் பிள்ளை தட்டைத் தொடவில்லை. போனில் கெஞ்சினேன். "நீ வாப்பா, அப்பத்தான்" என்றாள். பட்டினியாகக் காத்திருந்தாள், நான் போனதும் சாப்பிட்டாள், மறுபடி இழுத்தது. முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தடவுகிற கைதானே சோறு உருட்டிக் கொடுத்ததும்!

அடுத்த வாரத்திலிருந்து ஏழு மணிக்கு வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். "என்னண்ணே, பால் குடிக்கக் கிளம்பியாச்சா?" என்று ஸ்டாண்டில் கேலி. பசியே இல்லாமல் பிள்ளையோடு ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓட்டப் போவேன். எனக்குத்தான் நெஞ்சு கரித்தது. அவளுக்கு இருமல் மெல்லக் குறைந்தது. தூங்கும்போது வாயருகே மூக்கை வைத்துப் பார்ப்பேன். "எழுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள் மனைவி.

போன வாரம் ஒருநாள், சவாரியோடு காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் பஸ். மணி ஏழரை தாண்டிவிட்டது. அவள் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பாள், மறுபடி முதலிலிருந்தா? போன் போட்டேன்.

"அப்பவே சாப்பிட்டுட்டா" என்றாள் மனைவி. "தானே பிசைஞ்சுக்கிட்டா."

"என்னைக் கேட்டாளா?"

"இல்லீங்க. விளையாடிட்டிருக்கா. போனைக் குடுக்கவா?"

"வேணாம், விளையாடட்டும்" என்றேன். இதற்குத்தானே இத்தனை நாள் அலைந்தேன். போனைப் பையில் போட்ட பிறகும் கை அதிலேயே இருந்தது.

பின்னால் சவாரியாக உட்கார்ந்திருந்த அம்மா தோளைத் தட்டினார். "தம்பி, முன்னாடி பஸ்ஸு போயிடுச்சு பாருங்க. எடுங்க."