ஹட்டனிலிருந்து திருச்சிக்கு: வானில் ஒரு மணி, தரையில் ஒரு நாள்

கொழும்பிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு அடிக்கடி எழுதுகிறீர்கள். விமானத்தில் சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் கிளம்பினேன்.

அக்கா எழுபதுகளில், தேயிலைத் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி, கணவன் குடும்பத்தோடு இந்தியா போனவள். ரயிலில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், பிறகு துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் மலைநாட்டு ஹட்டன் ஸ்டேஷனில் அம்மா அவள் மடியில் ஒரு கம்பளியைத் திணித்தார். "போற எடத்துல குளிரும், போத்திக்க" என்றார். அம்மா திருச்சியைப் பார்த்ததில்லை. நானும்தான்.

அக்கா நோயில் படுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் விசா எடுத்து, அடுத்த வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டிருந்தேன். அதற்குள் தந்தி வந்துவிட்டது. விடிகாலையில் போய்விட்டாளாம். என் கைக்கு வந்தபோது பகல் பதினொரு மணி. கொழும்புக்கு போன் செய்து டிக்கெட்டை மறுநாள் காலைக்கு மாற்றினேன்.

எங்கள் வழக்கத்தில், பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணியைப் போர்த்தாமல் எடுக்கக்கூடாது. அதைப் போட வேண்டியவன் உடன்பிறந்தவன். நான் ஒருவன்தான். கடைத்தெருவில் ஒரு சேலை வாங்கினேன். "ரெண்டு நாளைக்கு வச்சிருப்பாங்கதானே, பதறாம போங்க" என்றாள் மனைவி. தோட்டத்தில் அப்படித்தான். அந்தக் குளிரில், தூரத்துத் தோட்டங்களிலிருந்து சொந்தம் வரும்வரை வைத்திருப்போம்.

ஹட்டனிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒன்றரை மணிக்குப் பஸ் எடுத்தது. இரண்டரைக்குக் கினிகத்தேனையில் ரேடியேட்டர் கொதித்து ஒரு மணி நேரம் நின்றது. சாவு விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னதும், டிரைவர் என்னைத் தன் பக்கத்து சீட்டுக்கு மாற்றினார். மூன்று மணிக்கு நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மணியை மறக்க முடிவதில்லை. கொழும்பு சேர இரவு ஏழரை.

மறுநாள் எட்டரைக்கு விமானம், ஒன்பதரைக்குத் திருச்சி. கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. சேலைப் பையை அணைத்துக்கொண்டு படிகளில் வேகமாக இறங்கினேன். சோதனை முடிய ஒரு மணி நேரம். துறையூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஊருக்குள் நடந்து போனபோது பகல் ஒரு மணி. பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து மூணு மணிக்கே எடுத்துட்டோம் மச்சான். இந்த வெயில்ல வைக்க முடியல."

என் கையிலிருந்த சேலையைப் பார்த்தார். "பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அனுப்பல. அம்மா குடுத்த கம்பளியத்தான் போத்துனோம். ஒரு நாளும் போத்தல அவ, பொட்டியிலயே வச்சிருந்தா."

குழிமேட்டில் மண் அதற்குள் காய்ந்து வெடித்திருந்தது. சேலையை அதன் மேல் விரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் கேட்ட கணக்குக்கு வருகிறேன். விமான நேரத்தைப் பார்க்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை எண்ணுங்கள், எனக்கு அது ஏறக்குறைய ஒரு முழு நாள். மலைப்பாதைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். அங்கே உங்களுக்கு யாராவது இருந்தால் அவர்கள் நடமாடும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். கம்பளி வேண்டாம். அங்கே குளிராது.