ஐந்தரை மணி நேரம் பின்னால்

"பெயர்: ச. பார்த்திபன். வயது: 27. வகை: திறன் பெறாத தொழிலாளர்."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் எஃகு ஆலையின் நுழைவுச் சீட்டில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. சீட்டுக்கு உரியவன் இங்கிலாந்தில் உலோகவியல் முதுகலை படித்தவன். ஆலையின் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. உலையிலிருந்து மொண்டு வந்து உறையவைத்த துண்டைத் தேய்த்துக் கருவியில் வைத்து, கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று சொல்வான். அவன் சொல்லாமல் உலையைச் சாய்க்க மாட்டார்கள். ஒப்பந்தக்காரர் கோபாலிடம் வகையைப் பற்றிக் கேட்டான்.

"திறன் வகையில எடம் ரொம்பிடுச்சி தம்பி. இப்போதிக்கு இதுல போட்டுக்கீறேன். சீட்ட எவன் படிக்கப் போறான்?"

பார்த்திபனுக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. ஏற்கெனவே இன்னும் பெரிய ஓர் இடத்தில் கிட்டத்தட்ட இதையே சொல்லிவிட்டார்கள்.

அவன் இங்கிலாந்து போனபோது கணக்கு எளிமையாக இருந்தது. படித்து முடித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம். அதற்குள் ஒரு நிறுவனம் பொறுப்பேற்றுக்கொண்டால் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு வார்ப்பாலையில் வேலை கிடைத்தது. பொறுப்பேற்கிறோம் என்றும் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் அந்த விசாவுக்கு வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தை அரசு உயர்த்தியது. அவன் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலாளர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து வருத்தம் தெரிவித்தார். பிறகு நாற்பத்தோரு நிறுவனங்களுக்கு எழுதினான். எல்லோரும் அவன் தகுதியைப் புகழ்ந்துதான் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் விசா முடிந்து விமானம் ஏறினான்.

ஏறுவதற்கு முன்னால் அம்மாவுக்கு போன் செய்து, வேலை விசா கிடைத்துவிட்டது என்றான்.

அம்மா மணியம்மாள் பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் போடுகிறாள். அப்பா சடையப்பன் இறந்து ஆறு வருடம். மகன் கிளம்பிய அன்று ஊர் முனையில் அவனுக்கு பேனர் வைத்தார்கள். அந்த பேனர் இப்போது யாருடைய மாட்டுக் கொட்டகைக்கோ கூரையாக இருக்கிறது. அதில் அவன் கோட்டு போட்டுக்கொண்டு மாடுகளைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்த ஊருக்குள் பெட்டியோடு திரும்பி நடக்க அவனுக்குக் கால் வரவில்லை. மூன்று மாதத்தில் வேறு நாடு ஏதாவது கூப்பிட்டுவிடும், அதன் பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்தான். வீட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்.

இங்கிலாந்தில் தமிழ் பேச ஆள் இல்லாததால் தனியாக இருந்தான். இங்கே எல்லோரும் தமிழ் பேசுவதால் தனியாக இருந்தான். பேச்சு நீண்டால் எந்த ஊர் என்று கேட்பார்கள். மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை சட்டைகளைத் துவைத்தான். துவைக்க வேறு இல்லாதபோது திரைச்சீலையைத் துவைத்தான்.

அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் மாலை ஐந்தரை மணி போன்தான். அந்நேரம் இங்கிலாந்தில் பகல் பன்னிரண்டு, சாப்பாட்டு இடைவேளை. மணியம்மாள் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் நேரம், மற்றது மகன் நேரம். "மணி பன்னெண்டும்மா, சாப்புடப் போறேன்" என்பான் ஒவ்வொரு நாளும், ஆலைச் சங்கு கேட்காதபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு. மே மாதம் ஒருநாள் முகத்தைக் காட்டச் சொன்னாள். ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு காட்டினான்.

"இன்னாடா இப்டி வேர்க்குது?"

"ஹீட்டர் போட்டுக்கினு இருக்கேம்மா."

உண்மை தெரிந்தவன் உலைக்காரன் லோகு ஒருவன்தான்.

"இன்னா லண்டன், உங்கம்மாவாண்ட சொல்ட்டியா?"

"சொல்லணும்."

"ஒரு மணி நேரத்துல ஊட்டுக்குப் போவலாம். ஆறு மாசமா போய்க்கினே கீற."

ஆடி பிறந்த வாரம் அம்மா போனில் சாதாரணமாகச் சொன்னாள். "வர்ற மூணாவது ஞாயித்துக்கெழம பெரியபாளையத்துல வேப்பஞ்சேல கட்டறேன். உனக்கு விசா கெடச்சா கட்டறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். நடவு, கள எடுப்புன்னு தள்ளிப் போச்சி."

இத்தனை நாள் சொன்ன பொய் பேச்சோடு போயிற்று. இப்போது அதற்காக ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி, ஆடிக் கூட்டத்தில், உடம்பெல்லாம் வேப்பிலை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு கோயிலைச் சுற்றப்போகிறாள். அம்மன் செய்யாத வேலைக்கு அம்மா கூலி கொடுக்கப் போகிறாள்.

"கட்டாதம்மா."

"ஏன்டா?"

"விசா கெடைக்கல. ஜனவரிலயே வந்துட்டேன். கும்மிடிப்பூண்டிலதான் கீறேன்."

அந்தப் பக்கம் மாடு கத்தியது. அம்மா அதை அதட்டிவிட்டு வந்தாள்.

"கும்மிடிப்பூண்டின்னு தெரியாது. அந்த ஊர்ல இல்லன்னு தெரியும்."

"எப்டிம்மா?"

"வருசா வருசம் பங்குனி நடுவுல, அம்மா கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வையின்னுவ. அந்த ஊர்ல வெயில் காலம் வந்தா அப்டித்தான், மாத்திக்கினே இருப்பாங்கன்னுவ. இந்த வருசம் சொல்லல. மறந்துட்டாம் போலன்னு நானே தள்ளி வச்சேன். நீ என்னாடான்னா பன்னெண்டு மணி, பன்னெண்டு மணின்ற. கடியாரத்துல ஒன்னு ஆவுது. அங்க இருக்கறவனுக்கு மணி தெரியாதா நைனா?"

விசா விதிகளை வரிவரியாகப் படித்தவன், கடிகாரத்தை மாற்றும் விதியை மறந்திருந்தான்.

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா இன்னொன்னு சொல்லுவ."

"சரி, இப்பதான் சொல்ட்டேனே. நீ கட்டாத."

"விசாவுக்கு யாரு கட்டறா? அத சித்திரையிலயே மாத்திக்கினேன். நீயா வாயத் தொறந்து உண்மைய சொன்னா கட்டறேன்னு. இப்ப சொல்ட்ட. கட்டித்தான் ஆவணும்."

விண்ணப்பித்தவனைக் கேட்காமல் நடுவில் விதியை மாற்றுவதில் மணியம்மாள் எந்த அரசாங்கத்துக்கும் குறைந்தவளாகத் தெரியவில்லை. மேல்முறையீட்டுக்கும் இடம் வைக்கவில்லை, போனை வைத்துவிட்டாள்.

பார்த்திபன் ஜன்னலைத் திறந்தான். சங்கு ஊதி முடித்திருந்தது.

ஆடி மூன்றாம் ஞாயிறன்று அவன் முதல் பேருந்தில் பெரியபாளையம் போனான். அம்மாவின் மாற்றுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் கோயிலைச் சுற்றி வந்தான். திங்கட்கிழமை வீட்டிலிருந்தே வேலைக்குப் போனான்.