தியாகியின் எச்சில்

மணலூர்பேட்டை மாயவனுக்குத் தொண்டைதான் சொத்து என்று ஊரில் சொல்வார்கள். சொத்தாவது, மண்ணாவது! அந்தத் தொண்டையால் காசிநாதன் சங்கத் தலைவரானான். மாயவனுக்கு அதே தொண்டையில் வந்தது புற்றுக்கட்டி. எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் மீசை அரும்பும் வயதில் கோஷம் போடப் போனவன், கரும்பு வெட்டுகிற நாள் போக மற்ற நாளெல்லாம் காசிநாதன் ஜீப்பில் தொங்கியே நரைத்துப்போனான். கேட்கிற இட ஒதுக்கீடு நியாயம்தான், அதை இவனை வைத்து விற்றுத் தின்கிறவனைத்தான் மாயவன் பெண்டாட்டி இருசம்மாளுக்குப் பிடிக்காது.

கட்டிக்குக் கதிர்வீச்சு வைத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே எச்சிலும் வற்றியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோறு இறங்காது; கஞ்சிதான். காசிநாதன் எட்டிப் பார்த்தானா? அவனாவது, பார்ப்பதாவது!

கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரம்மா கரண்ட் வைத்தியம் ஆரம்பித்தார். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டை ஒட்டி, மெஷினில் லேசாகக் கரண்ட் விடுவார். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

"எச்சில் சுரப்பி முழுசா சாகலைங்க. நரம்பைத் தட்டி எழுப்பினா கொஞ்சம் ஊறலாம். எல்லாருக்கும் கேக்காது. நடுவுல மட்டும் விட்டுறாதீங்க."

மாயவனுக்குக் கேட்டது. ஒருநாள் பஸ்ஸில் திரும்பும்போது கடைவாயில் ஊறி வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டான். இருசம்மாள் அழுதேவிட்டாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் போராட்டம் மறுபடி சூடுபிடித்தது. காசிநாதனுக்கு மாயவன் வீட்டு வழியும் ஞாபகம் வந்தது.

"மாயவா, மேடையில சும்மா உக்காரு போதும். கோஷம் போட்டே வாய் வறண்டு போன தியாகின்னு சொல்றேன். அந்தக் கரண்டை மட்டும் கூட்டம் முடியற வரைக்கும் நிறுத்தி வையி."

"நிறுத்தினா மறுபடி காஞ்சிடும் தலைவரே."

"காஞ்சாத்தானே ஜனம் உருகும்!"

மாயவன் தலையைச் சொறிந்தான். காசிநாதன் படி இறங்கியதுதான் தாமதம், இருசம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, தலையாட்டிக்கினு நிக்கிற? வைத்தியத்த வுட்டியோ, கஞ்சிகூட ஊத்த மாட்டேன்!"

வைத்தியத்துக்கு அவள் பின்னாலேயே வந்தான். மேடைக்கும் போவேன் என்றான். மானங்கெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே அவளும் கூட்டத்துக்குப் போனாள்.

காசிநாதன் மைக்கைப் பிடித்தான். "இந்தத் தியாகி வாயில ஒரு சொட்டு எச்சில் இல்ல! தண்ணி இல்லாம ஒரு பிஸ்கட்டைக்கூட முழுங்க முடியாது!" வராத கண்ணீரைத் துண்டால் துடைத்தான்.

மேசையில் டீயோடு பிஸ்கட் தட்டு இருந்தது. மாயவன் எழுந்து ஒன்றை எடுத்தான். மைக்குக்குப் பக்கத்தில் வந்து மொறுமொறுவென்று மென்றான். யாரோ நீட்டிய தண்ணீரை ஒதுக்கிவிட்டு, நிதானமாக முழுங்கினான். ஜனம் முதலில் விழித்தது, பிறகு சிரித்தது.

"டேய், உக்காருடா!" என்று காசிநாதன் பல்லைக் கடித்தது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது.

இருசம்மாள் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து நின்று கத்தினாள்: "இன்னொண்ணு துன்னுய்யா!"