சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

மேடவாக்கம் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். கைப்பேசியில் மெர்சி அக்காவின் எண். பேசியது அவருடைய தம்பி டேவிட். "அக்கா போயிட்டாங்க சார். காலைல." சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியைப் பம்மல் பக்கம் திருப்பினேன்.

சிறுசேரி அலுவலகத்தில் உங்களில் பலருக்கு அவர் கணக்குப் பிரிவு மெர்சி மேடம். ரசீது இல்லாத டாக்சி பில்லை இரண்டு விரலால் தூக்கித் திருப்பித் தருபவர். "இன்னா தம்பி, கனவுல போய்ட்டு வந்தியா?" ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

பம்மலில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். முள்செடி, பிளாஸ்டிக் பை, மதில்மேல் காயும் துணிகள். தோல் பதனிடும் வேலைக்காக வந்த அவருடைய கொள்ளுத்தாத்தாவை அங்கேதான் புதைத்தார்கள். அவரைச் சேர்ந்த மற்றவர்கள் எங்கே என்று அக்கா தேடிக்கொண்டிருந்தார். ஒருமுறை நானும் போனேன். தேய்ந்த கல்லில் கோலமாவைத் தூவி, உள்ளங்கையால் வழித்தார். பள்ளங்களில் மட்டும் மாவு தங்கியது. யாரோ ஒருவருடைய பெயர்.

"சத்தமா படி. கூப்ட்டு எவ்ளோ நாளாச்சோ."

படித்தேன். ஒரு காகம் திரும்பிப் பார்த்தது.

எங்கள் வீட்டில் கல்லறை கிடையாது, சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவோம் என்றேன். "கடல் பெரிசாச்சே. இடத்துக்குச் சண்டை வராது" என்றார்.

இங்கே சண்டை வந்தது. தோட்டத்தில் இடம் தீர்ந்துபோனது. யாரும் உரிமை கோராத பழைய குழிகளைத் திறந்து, அவற்றிலேயே புதிதாக இறப்பவர்களை அடக்கம் செய்வதென்று கமிட்டி முடிவெடுத்தது. கல்லில் பெயரைக் காட்டும் குடும்பங்களுக்கு மட்டும் அவரவர் குழி. அக்காவுக்கு அப்போதே சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "எங்க ஆளுங்களோட படுத்துக்கணும். அவ்ளோதான்" என்றார்.

கொள்ளுத்தாத்தாவின் கல்லறை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வேப்பமரத்தடியில் இருப்பது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் குடும்பமே போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றும். பெயரைக் காட்டுவதற்காக அக்கா தோசைக்கரண்டியால் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டினார். அடையடையாக உதிர்ந்தது. கோலமாவு தேவைப்படவில்லை. எழுத்துகளில் சுண்ணாம்பே தங்கியிருந்தது.

எஸ்தர். கைக்குழந்தை.

பழைய வேப்பமரம் எப்போதோ விழுந்து, வேறிடத்தில் வேறொன்று முளைத்திருக்க வேண்டும். மரத்தை நம்பி வந்தவர்கள், பெயரின்மேல் வருஷாவருஷம் வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

டேவிட்டுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இத்தினி வருசமா யாரோ வூட்டுக் கொயந்தைக்கா தாத்தான்னு மாலை போட்டோம்? அக்கா, பேசாம திரும்ப வெள்ளை அடிச்சிடு. யாருக்குத் தெரியப் போவுது? நமக்கு இடமாவது நிக்கும்."

"எனக்குத் தெரியுமேடா."

கமிட்டிப் பெரியவரிடம் அக்காவே போய்ச் சொன்னார். நான் உடனிருந்தேன்.

"இது எங்க தாத்தா இல்ல ஐயா. ஆனா நாங்கதான் பாத்துக்கினு வரோம்."

"ரத்த சம்பந்தம் இல்லியேம்மா. உன் குடும்பத்துப் பேர்ல எப்படி எழுதறது?"

"எழுத வேணாம். தோண்டாம உடுங்க, போதும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சரி, உங்களோடதாவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு தேவைன்னா நீங்களே திறந்துக்கலாம்."

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அக்கா, "பெத்தவ ஒருத்தி இருந்திருப்பா இல்ல" என்றார்.

கொள்ளுத்தாத்தா கடைசிவரை கிடைக்கவில்லை.

அக்கா இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, வேப்பமரத்தடியில் இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். பெரியவர் டேவிட்டின் தோளில் கை வைத்துக் கேட்டார்: "இங்கியே திறந்துடலாமாப்பா? உங்க இடம்தானே."

டேவிட் அந்தக் கல்லைப் பார்த்தார்.

"வேணாம் ஐயா. அங்க ஆளு கீது."

மதிலோரம், பாதையை ஒட்டி மிஞ்சியிருந்த ஒரு துண்டு நிலத்தில் அக்காவுக்குக் குழி வெட்டினார்கள். பக்கத்தில் அவருடைய ஆட்கள் யாரும் இல்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. டேவிட் சொன்னது இருக்கிறது. அப்படிச் சொல்லும்படி அக்கா யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. அக்கா நடந்துகொண்டதைத் தம்பி கூடவே இருந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது பூட்டிக் கிடக்கும் எந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் போனாலும், வண்டி தானாக மெதுவாகிறது. உள்ளே ஆள் இருக்கிறது.