பதினான்காம் கிணறு

சாந்தோம் ஃப்ளோரன்ஸ் குடிக்கிற டம்ளரைக்கூட அதே தண்ணீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவாள். தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டிய தொண்ணூற்று மூன்றிலும் இதை விடவில்லை. "குடிக்கிறதைவிடக் கொட்டுறது ஜாஸ்தி, மம்மி" என்று மகள் ஷெரில் கேலி செய்வாள். தொட்டில் பழக்கம் அல்ல, தொழில் பழக்கம். அடையாறில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. மாதிரி பிடிக்கும் பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தடவை அலச வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு.

மறு வருடம் ராஜஸ்தான் பாலைவனத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி கிளம்பியது. தோண்டுவதற்கு முன் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளுவார்கள். சுற்றியுள்ள கிணறுகள் வற்றும். ஜனங்கள் புழங்கும் கிணறு என்றால் மட்டும் மாற்றுத் தண்ணீர் தர வேண்டும். எது புழங்கும் கிணறு என்று ஆராயும் வேலை இவர்கள் கூடத்துக்கு வந்தது. கூடத்தில் மாதிரி பிடித்து வரும் ஈக்காட்டுத்தாங்கல் காதர் மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் இருபது கிணறுகளிலும் தண்ணீர் பிடித்து வந்தார்.

பதினான்காம் கிணறு இருந்தது ஆளில்லாத ஊரில். இறைக்காத கிணற்றுத் தண்ணீர், பாட்டில் மூடியைத் திறந்ததுமே நாறும். இது நாறவில்லை, அன்று ஊறியதுபோல் இருந்தது. மூன்று மாதமும் அப்படியே.

ஃப்ளோரன்ஸ் காதரைக் கேட்டாள்.

"காக்கா குருவி இல்ல மேடம். கூரையெல்லாம் வுழுந்து கெடக்குது. ஆனா கயிறு மட்டும் எப்பவும் ஈரமா கீது. முதுகுக்குப் பின்னால யாரோ பாத்துக்கினே கீற மாதிரி." பட்டப்பகலிலேயே ஓதிக்கொண்டுதான் அங்கே போவாராம்.

மேலதிகாரி ராகவேந்திரன் சிரித்தார். "பேய் குடிக்கிறதுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா? உபயோகத்தில் இல்லைன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்கோ."

போட்டால் அந்தக் கிணற்றின் கதை முடிந்தது. யாருடைய வாயில் மண் விழும் என்றும் தெரியாது. கடைசி நடைக்குக் கிளம்பிய காதரிடம் அவள் சொன்னாள்: "பாய், பதினாலுல நீங்க பிடிக்க வேணாம். காலி பாட்டிலை வச்சுட்டு, மறுநாள் போய் எடுத்துட்டு வாங்க."

காதர் திரும்பி வந்து பாட்டிலை மேஜையில் வைத்தார். கழுத்துவரை தண்ணீர். மூடி இறுக்கமாக இருந்தது.

"சாயங்காலம் கயித்துல கட்டிட்டு வந்தேன். காத்தால ரொம்பிக் கீது." கொஞ்சம் தயங்கினார். "பக்கத்துல மணல்ல மூணு எடம் ஈரமா இருந்துச்சு மேடம். தனித்தனியா."

ஃப்ளோரன்ஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேய்க்குப் பாட்டில் அலசத் தெரியாது. இத்தனை மாதமும் யாரோ இடிந்த சுவருக்குப் பின்னால் பதுங்கி, மூச்சு விடாமல், மூன்று முறை அலசிக் கொட்டும் காதரின் கையையே பார்த்திருக்கிறார்கள். பயம் போய்விடவில்லை. அதோடு அழுகையும் வந்தது.

'உபயோகத்தில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"யார் உபயோகிக்கறா? பேர் வேணுமே" என்றார் ராகவேந்திரன்.

"பேர் தெரியாது சார். நம்மைவிடச் சுத்தமா அலசுற ஆள்."