அந்தோணி அண்ணனின் ஹீட்டர் பிளக்

அந்தோணி அண்ணன் போய்விட்டார்.

ரங்கூனில் இன்சீன் லாரி ஷெட்டில் இருந்தாரே, அதே டிரைவர் அந்தோணி அண்ணன்தான். நாலு வருஷமாகக் கனடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முந்தாநாள், அங்கே விடியற்காலையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கீழே இறங்கியவர் லாரி பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக்.

இரண்டு நாளாக எங்கள் தெருவில் கரன்ட் இல்லை, என் போன் செத்துக் கிடந்தது. அண்ணன் மனைவி மேரி அக்காவின் தம்பி பபேடானில் இருக்கும் என் கடைக்கே வந்து சொன்னான். சர்க்குலர் ரயில் பிடித்து இன்சீன் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும், "பேப்பர் எல்லாம் ரெடி ஆயிருச்சுன்னு சொன்னாருப்பா" என்றார்.

நானும் அண்ணனும் ஒரே ஷெட்டில் பன்னிரண்டு வருஷம். அவர் டிரைவர், நான் எலக்ட்ரீஷியன். என்னை "ஒயரு" என்றுதான் கூப்பிடுவார். தன் லாரி ஒயரிங்கில் வேறு ஒருத்தனைக் கை வைக்க விடமாட்டார்.

கனடா போன முதல் குளிர்காலத்தில் வீடியோ காலில் லாரியின் முன்பக்கத்தைக் காட்டினார். கிரில்லுக்கு வெளியே ஒரு ஒயர், நுனியில் பிளக். "லாரிக்கு வால் முளைச்சிருக்கு பாருடா..."

அந்தக் குளிரில் எஞ்சின் ஆயில் இறுகிவிடுமாம். உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது, ராத்திரி முழுக்க சுவரில் பிளக் போட்டு வைத்தால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகும். நம்ம வீட்டு ரைஸ் குக்கருக்கே மீ, அதான் கரன்ட், கிடையாது, அங்கே லாரி ராத்திரி பூரா கரன்ட் குடிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஓடும்போது ரோட்டுப் பனி தெறித்து அந்த பிளக்கில் அப்பிக்கொண்டு ஐஸ் ஆகிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

ஐஸை ஃபிரிட்ஜில் மட்டுமே பார்த்தவன் நான். பெரிய மேதாவி மாதிரி, மழைக்காலத்தில் டிரெய்லர் லைட்டுக்குச் செய்வோமே, அதே மாதிரி பிளாஸ்டிக் பையைப் போட்டு டேப் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள் என்றேன்.

அப்படியே செய்தார். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லாக உறைந்துவிட்டது. சாயங்காலம் பிளக் சரியாகச் சொருகவில்லை, காலையில் லாரி அசையவில்லை. ஏற்கெனவே ஒருமுறை லேட். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த வேலை இருந்தால்தான் மேரி அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளப் பேப்பர் போட முடியும்.

எனக்கு வெட்கம், அதனால் கோபம். பனியையே பார்க்காதவனிடம் ஏன் கேட்டீர்கள் என்று அவரிடமே கத்தினேன்.

"வேற யாருகிட்டடா தமிழ்ல கேக்கறது?" என்றார்.

பிளக்கைக் கிட்டத்தில் காட்டுங்கள் என்றேன்.

பிறகு இருவருமாகப் போனிலேயே கண்டுபிடித்தோம். பிளக்கைத் துணியால் துடைத்து ஈரமில்லாமல் வைப்பது, கரன்ட் கடத்தாத கிரீஸ் லேசாகத் தடவுவது, பம்பருக்கு மேலே உள்பக்கமாக, வாய் கீழே பார்க்கக் கட்டுவது. மேலே ஒரு ரப்பர் டியூப் உறை, அடியில் மூடாமல், தண்ணீர் தானாகச் சொட்டிப்போகும்படி. டியூபை நான்தான் இங்கே வெட்டி, அங்கே போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கனடாவில் ரப்பரா கிடைக்காது? ஆனாலும் அனுப்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம், லாரி ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. குளிர் அதிகமான நாளெல்லாம் வாய்ஸ் மெசேஜ் வரும். பேச்சே இருக்காது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் மட்டும்.

இங்கே மீ வந்ததும் தெருவே "மீ லாபி!", கரன்ட் வந்தாச்சு என்று கத்துமே... போனில் அதைக் கேட்டால் அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார். ரங்கூன் சத்தம்டா என்பார்.

அண்ணனை அங்கேயே அடக்கம் செய்கிறார்கள். அக்காவால் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இன்சீனில் அக்கா வீட்டில் ஜெபம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

சற்று முன் கரன்ட் வந்தது. போனை சார்ஜில் போட்டதும் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். முந்தாநாள் அனுப்பியது.

எஞ்சின் சத்தம். பிறகு அவர் குரல். "ஒயரு... ஒரே தட்டுல எடுத்துருச்சுடா. மீ வந்தா கூப்புடு."

மீ லாபி, அண்ணே.